காப்பிக் களத்தில் ஒரு பச்சைச் சேலை

நாகலூரிலிருந்து ஏற்காடு போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனி படிந்து வெளுத்திருந்தது. அவர் ஆட்காட்டி விரலால் அதில் ஒரு வட்டம் போட்டார். வட்டத்தைச் சுற்றி இதழ்கள். இதழின் நுனியிலிருந்து ஒரு கொடி கிளம்பி ஜன்னல் கம்பி வரைக்கும் போனது, கம்பியில் முட்டியதும் ஒரு கணம் யோசித்து, வளைந்து, கீழே இறங்கியது. அதற்குள் அவர் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. உள்ளங்கையால் மொத்தத்தையும் ஒரே துடைப்பாகத் துடைத்தார். யாராவது பார்த்துவிட்டார்களோ என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். இறங்கிப் போய்விட்டார்.

நான் பார்த்துவிட்டேன்.

ஏற்காட்டில் ஒரு பள்ளியில் நான் பகுதிநேர ஓவிய ஆசிரியை. பலகையில் நான் ஒரு கோடு இழுப்பதற்குள் பிள்ளைகள் கேட்பார்கள், "மிஸ், இதுக்கு மார்க் உண்டா?" இந்த அக்காவை யாரும் வரையச் சொல்லவில்லை. வரைந்ததற்கு அவருக்கு யாரும் எதுவும் தரப்போவதில்லை. ஆனாலும் அந்தக் கொடி கம்பியில் முட்டியதும் யோசித்ததே! இந்த மலையில் இன்னும் எத்தனை பேர் விரலை மடக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வருகிறார்களோ! பெரியவர்களுக்கென்று ஒரு வகுப்பு நடத்தினால் என்ன? பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது, முடித்தால் கையில் காகிதம் எதுவும் கிடையாது. பஸ் ஏரிப் பக்கம் வந்து நிற்பதற்குள் கிழமை, நேரம், என்ன கற்றுத்தருவது எல்லாம் எனக்கு முடிவாகிவிட்டது. துணியில் அச்சு வைப்பது. சனிக்கிழமை மத்தியானம்.

சாயங்காலம் அம்மாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"காளான் என்னாச்சு?"

"அது வேறம்மா."

"மெழுகுவத்தி?"

"அதுவும் வேற."

"சரி சாமி. இது எத்தன நாளைக்குன்னு மட்டும் சொல்லிப் போடு. அதுக்குத் தக்கன டீத்தூள் வாங்கோணும்ல."

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நான் ஆரம்பித்த காளான் படுக்கைகள் வீட்டுக்குப் பின்னால் அப்போதும் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தன.

மாதா கோயில் பக்கத்துப் பங்குக் கூடத்தைக் கேட்டேன். ஃபாதர் சாவியைத் தந்துவிட்டார். கூடத்தை ஒட்டியே ஓர் எஸ்டேட்டின் காப்பிக் களம். பழம் பறிக்கும் மாதங்களில் அந்தச் சிமெண்டுத் தரை முழுக்கக் காப்பி காயும். அறுவடை முடிந்திருந்ததால் அப்போது காலியாகக் கிடந்தது. களத்து மூலையில் மடித்துப் போட்ட தார்ப்பாய் மட்டும்.

முதல் சனிக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகுதான் கவனித்தேன். எல்லார் கையிலும் ஆதார் நகலும் போட்டோவும்.

"ஏனுங் கண்ணு, லோன் எப்பக் குடுப்பீங்க?" என்று கேட்டார் முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜாக்கெட் தைக்கிறவர். எல்லாருக்கும் அவர் டெய்லர் அக்கா.

"லோன் இல்லீங்க்கா. அச்சு வெட்டி, சாயம் தொட்டு, துணியில பூப் போடறது."

"போட்டு?"

"போட்டு... நீங்களே வெச்சுக்கலாம்."

"சர்டிபிகேட்டு?"

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்குங் கண்ணு?"

இந்தக் கேள்விக்கு நான் ஒரு நல்ல பதிலை வீட்டிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். அது அப்போது பார்த்து வாயில் வரவில்லை. "சும்மாதாங்க்கா" என்றேன்.

பாதிப் பேர் எழுந்து போனார்கள். டெய்லர் அக்கா போகவில்லை. "சும்மான்னு சொல்லி என்னை யாரும் இதுவரைக்கும் எங்கயும் உக்கார வெச்சதில்ல. உக்காந்துதான் பாப்பமே" என்று காலை நீட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் பார்த்த அக்காவையும் எப்படியோ பிடித்துக் கூட்டி வந்திருந்தேன். தலைச்சோலை ஊர்க்காரர், சொந்தமாகக் கொஞ்சம் ராகியும் காப்பியும் வைத்திருக்கிற குடும்பம். முதல் சிக்கல் அவரிடமிருந்துதான் வந்தது. மர அச்சு வெட்டுவது கஷ்டம் என்று, பழைய ரப்பர் செருப்பின் அடியைப் பிளேடால் வெட்டி அச்சாக்கலாம் என்று நான் காட்டினேன். கல்லூரியில் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். தலைச்சோலை அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"செருப்புல வெச்சத ஒடம்புல உடுத்தறதுங்களா? நம்மளால ஆவாதுங்க."

"கழுவியாச்சுங்க்கா."

"கழுவுனா மட்டும்? அது எங்கெங்க நடந்துச்சோ."

வாதாடிப் பிரயோசனமில்லை. அடுத்த வாரம் குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கி, செருப்பு தைக்கிறவர்களுக்குச் சரக்கு விற்கும் கடையில் ரப்பர் ஷீட்டாகவே வாங்கி வந்தேன். வார் இல்லை, ஓட்டை இல்லை, பெரிய சதுரம். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னும் செருப்பு ஆவல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பிளேடைக் கையில் எடுத்தார்.

அச்சை ஒட்டிக் கைப்பிடியாக வைக்கச் சில்வர் ஓக் கட்டைத் துண்டுகள் கேட்டிருந்தேன். அவற்றை எஸ்டேட் டிராக்டரில் ஒருவர் கொண்டுவந்து இறக்கினார். ஐம்பதைத் தொட்ட வயது. அந்த ஊரில் டிராக்டர்காரர் என்றால் அவர்தான். எனக்கு மாமா முறை வைத்துக் கூப்பிடப் பழக்கம். இறக்கி முடித்தும் அவர் போகவில்லை. ஜன்னல் பக்கம் நின்றார்.

"உள்ள வாங்க மாமா."

"இல்ல கண்ணு. இது பொம்பளைங்க சமாச்சாரம்."

"ஆமாங்" என்றார் டெய்லர் அக்கா, தலையை நிமிர்த்தாமல். "ஜன்னல்ல நின்னு எட்டிப் பாக்கறது ஆம்பளைங்க சமாச்சாரமுங்களா?"

கூடமே சிரித்தது. மாமா வெட்கப்பட்டுக்கொண்டே உள்ளே வந்து, கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார். எல்லாரும் போகும் வரை காத்திருந்து சொல்லலாம் என்று நினைத்திருப்பார். ஆனால் யாரும் போகவில்லை. அதனால் எல்லார் முன்னாலும் சொல்லும்படி ஆகிவிட்டது.

ஈஸ்டர் முடிந்து அவருக்கும் மனைவிக்கும் திருமண வெள்ளிவிழா. கோயிலில் பூசை வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு மனைவி கட்டிக்கொள்ள ஒரு சேலை வேண்டும், அதைத் தன் கையால் செய்ய வேண்டும்.

"கடையில எடுத்தாப் போச்சுங்களே?" என்றார் டெய்லர் அக்கா.

"எடுத்தனுங்க. ரெண்டு தடவ எடுத்துக் குடுத்தேன். ரெண்டும் பொட்டிக்குள்ளயே கெடக்குது. கேட்டா, நல்ல சேலைங்க, நல்ல நாளு வந்தாக் கட்டறேங்கறா. அந்த நல்ல நாளு இன்னும் வரல." பிறகு என் பக்கம் திரும்பி, "இது ஒண்ணையாவது அவ கட்டோணும் கண்ணு" என்றார்.

அப்போதிருந்து வகுப்பின் போக்கே மாறிவிட்டது. அவரவர் தலையணை உறையும் துண்டும் ஒரு பக்கம் நடந்தது. ஆனால் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் முதலில் கேட்டது மாமாவின் சேலையைத்தான்.

அத்தைக்கு, அதாவது அவர் மனைவிக்கு, ஏற்காட்டில் ஒரு பள்ளி விடுதியின் சமையற்கட்டில் வேலை. வாரம் முழுக்க அங்கேயே தங்கல், சனிக்கிழமை பொழுது சாயும்போது பஸ்ஸில் வருவார். பஸ் நிற்பது கோயிலுக்கு எதிரே. ஆகவே அந்த பஸ் வருவதற்குள் சேலை கூடத்து அலமாரிக்குள் போய்விட வேண்டும். இந்த ரகசியத்தை அந்தப் பெண்கள் காத்த மாதிரி ஒரு ரகசியத்தை நாகலூரில் அதற்கு முன் யாரும் காத்ததில்லை என்று டெய்லர் அக்காவே ஒத்துக்கொண்டார்.

"அத்தைக்கு என்ன கலர் மாமா புடிக்கும்?" என்று கேட்டேன்.

"பச்சைன்னு நெனைக்கறேன்."

"நெனைக்கறீங்களா!" என்றார் டெய்லர் அக்கா. "இருவத்தஞ்சு வருசத்துக்கப்பறம் நெனைக்கறாராம்!"

காப்பி இலை போலக் கரும்பச்சையில் ஒரு பருத்திச் சேலை வாங்கி வந்தேன். பூவுக்கு வெள்ளைச் சாயம். என்ன பூ என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கல்யாணத்தன்று காப்பி பூத்து எஸ்டேட்டே வெள்ளையாகக் கிடந்ததாம். பொண்ணு மாப்பிள்ளை ஜீப்பில் போனபோது வழியெல்லாம் அந்த வாசனையாம். அவர் வெட்டிய அச்சைத் தலைச்சோலை அக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங், கியர் சக்கரத்த எதுக்குங்க வெட்டியிருக்கீங்க?"

"கியர்னாப் பல்லு நொம்ப இருக்குமுங்க. இது பூவு."

அழுத்துவதும் அப்படித்தான். பிரேக்கில் கால் வைப்பது போல உடம்பின் பாரம் முழுவதையும் இறக்குவார். இதழ்களுக்கு நடுவே சாயம் பிதுங்கும். "மெல்ல மாமா, தொட்டுட்டு எடுங்க, போதும்" என்று நான் சொல்லச் சொல்ல, "செரி கண்ணு" என்றபடியே மறுபடி அழுத்துவார். ஆனால் வாரத்துக்கு வாரம் பூ கொஞ்சம் கொஞ்சமாகப் பூவானது. ஒரு வரிசை முடித்ததும் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகத்தைப் பார்க்கவே நான் சனிக்கிழமைக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

பூசைக்கு முந்தின வாரம், முந்தானை தவிரச் சேலை முழுக்கப் பூ வைத்தாகிவிட்டது. அன்று போட்டது கடைசி வரிசைகள். வெள்ளையை எடுப்பாகக் காட்டப் பழைய பூக்களின் மேலும் இன்னொரு தடவை வைத்திருந்தார். எல்லாம் ஈரம். கூடத்தில் விரிக்க இடமில்லை. நல்ல வெயில் வேறு. களத்தில் விரித்தோம். சேலை நடுவில், சுற்றிலும் துண்டுகளும் உறைகளும், ஓரத்துக்கெல்லாம் கல். பச்சையும் வெள்ளையும் மஞ்சளுமாக அந்தச் சிமெண்டுத் தரை என்னமோ திருவிழா மாதிரி இருந்தது. அம்மா கொடுத்தனுப்பிய பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்ற நான் உள்ளே போனேன்.

மலையில் மேகம் சொல்லிவிட்டா வரும்? நாலு டம்ளர் ஊற்றியிருப்பேன். கூடம் இருட்டியது. தகரக் கூரையில் இரண்டு சொட்டு விழுந்த சத்தம். வெளியே யாரோ "மழை!" என்றார்கள்.

நான் வாசலுக்கு வந்தபோது பார்த்த காட்சியை எப்படிச் சொல்வது? அத்தனை பேரும் குனிந்திருந்தார்கள். களத்தின் நாலு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி, இரண்டு கையாலும் வாரி வாரித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத வேகம். துண்டு மேல் உறை, உறை மேல் சேலை, சேலை மேல் துண்டு, ஒரே குவியல். மாமா ஓடிப் போய்த் தார்ப்பாயை உதறி ஒரே வீச்சில் குவியலின் மேல் போட்டார். தலைச்சோலை அக்கா ஓரமெல்லாம் கல் தூக்கி வைத்தார். அப்புறம் எல்லாரும் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, காப்பாற்றிவிட்ட திருப்தியோடு நின்றார்கள்.

மழை வந்தால் களத்தில் காயும் காப்பியை அப்படித்தான் குவித்து மூடுவார்கள். வருசா வருசம் செய்கிற வேலை.

என் முகத்தைப் பார்த்த பிறகுதான் டெய்லர் அக்காவுக்கு உறைத்தது. "அய்யய்யோ! காப்பின்னுல்ல நெனச்சுட்டோம்!"

மழையோ நாலு சொட்டோடு நின்றுவிட்டது.

தார்ப்பாயை விலக்கினோம். பச்சைச் சேலையை ஆளுக்கொரு முனை பிடித்துப் பிரித்தோம். ஒவ்வொரு பூவும் எதிர் மடிப்பில் ஒட்டி, இழுபட்டு, பக்கத்துத் துண்டின் மஞ்சளையும் வாங்கிக்கொண்டிருந்தது. சேலை முழுக்கச் சுண்ணாம்பு சிந்திய மாதிரி.

"பனி மூடுன தோட்டமாட்டம் அழகாத்தானுங்க இருக்குது" என்று தலைச்சோலை அக்கா மெதுவாகச் சொன்னார்.

"அம்மிணி, எனக்குக் கண்ணு தெரியுது" என்றார் மாமா.

ஈரம் காய்வதற்குள் அலசினால் கொஞ்சமாவது போகும் என்று நான் சொன்னதும், அவரே கோயில் குழாயடிக்கு எடுத்துப் போய் வாளியில் முக்கினார். நாங்கள் சுற்றி நின்றோம். சாயத்தில் பாதி போனது. பாதி போகவில்லை. ஒவ்வொரு பூ இருந்த இடத்திலும் மங்கலாக ஒரு வெளுப்பு நின்றுவிட்டது. மறுபடி அலசினார். அது அப்படியே இருந்தது. எங்கள் எல்லாருக்கும் கண் அந்த வாளியிலேயே இருந்ததால் பஸ் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

"ஏனுங்."

மாமாவின் கை வாளிக்குள்ளேயே நின்றுவிட்டது. அத்தை தோளில் பையோடு நின்றிருந்தார்.

"யாரு சேலைங்க அது?"

இத்தனை பெண்கள் நடுவே தன் வீட்டுக்காரர் உட்கார்ந்து யாரோ ஒரு பெண்ணின் சேலையைத் துவைக்கிறார் என்றால் வேறு என்ன கேட்பார்?

"உன்னுதுதான்" என்றார் மாமா.

"எனக்கு இப்பிடியொரு சேலை இல்லீங்களே."

"இனிமேத்தான்..."

டெய்லர் அக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பூசை, அச்சு, அலமாரி, மழை, தார்ப்பாய் என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அத்தை பையை இறக்கி வைத்தார். வாளியிலிருந்து சேலையின் ஒரு முனையை எடுத்துப் பிழிந்து விரித்துப் பிடித்தார்.

"இதுவும் பச்சையா?"

"உனக்குப் பச்சை..."

"பொட்டில இருக்கற ரெண்டும் பச்சைங்க. நான் என்னிக்குங்க பச்சை கட்டியிருக்கறேன்? எனக்குச் செவப்புத்தான்."

"சொல்லியிருக்கலாமல்லோ?"

"ஆசையா எடுத்தாந்து நிக்கறீங்க. எப்பிடிங்க சொல்றது?"

மாமா சேலையின் மறுமுனையைப் பிழிய ஆரம்பித்தார். முறுக்கு ஏறி ஏறித் தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தார். "உடு புள்ள. இது போச்சு. நாளைக்கிச் சேலம் போயி உனக்குப் புடிச்சதா ஒண்ணு எடுத்துக்க" என்றார்.

அத்தை ஒரு வெளுப்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "இது என்ன பூவுங்க?"

"காப்பிப் பூ."

"ஒத்தையாவா? காப்பிப் பூ என்னிக்குங்க ஒத்தையாப் பூத்துச்சு? கணுவுக்குக் கணு கொத்தாவல்ல இருக்கும்."

"அச்சு ஒண்ணுதான் வெட்டுனேன்."

"அச்சு ஒண்ணா இருந்தா என்னங்க? கிட்டக் கிட்ட வெக்கறது." பிறகு என்னைப் பார்த்தார். "கண்ணு, நாளைக்கி ஞாயித்துக்கெழமப் பூசை முடிஞ்சு கூடத்தத் தொறப்பியா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திறந்தேன். காய்ந்த சேலையை மேசையில் விரித்தோம். அத்தை விரலால் இடம் காட்டினார், மாமா அச்சை வைத்தார். பழைய வெளுப்பு ஒவ்வொன்றின் மேலும் ஒன்று, அதை ஒட்டி ஒன்று, இன்னும் ஒன்று. "அமுத்தாதீங்க, பூவு நசுங்குது" என்று அத்தை ஒரே ஒரு தடவை சொன்னார். மாமா அதற்கப்புறம் அழுத்தவே இல்லை! நான் ஆறு வாரமாகச் சொன்னது அது. அடியில் நின்ற வெளுப்பு கொத்துக்கு நிழலானது. எங்கேயும் மறையவில்லை. பார்த்தால் தெரியும். கூடத்துக்குள்ளேயே குறுக்கே கயிறு கட்டி ஒற்றையாகத் தொங்கவிட்டுக் காய வைத்தோம். முந்தானைக்கு நேரம் போதவில்லை. திங்கள் காலை அத்தை பஸ் ஏற வேண்டும்.

அடுத்த ஞாயிறு வகுப்பு முழுவதும் கோயிலில் இருந்தது. தலைச்சோலை அக்காவும் வந்துவிட்டார், உள்ளே எங்கே நிற்பது, எப்போது உட்காருவது என்று டெய்லர் அக்காவிடம் கேட்டுக்கொண்டே. எங்கள் யாருக்கும் பீடத்தின் மேல் கண் இல்லை. வாசலில்தான். அத்தை முந்தின ஞாயிறு அவரோடு சேர்ந்து பூ வைத்தது உண்மை. ஆனால் வைப்பது வேறு, கட்டுவது வேறு.

முதலில் மாமா வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பின்னால் அத்தை.

பச்சை.

டெய்லர் அக்கா என் கையைக் கிள்ளிய இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது. பூசை நடந்தது முழுக்க மாமா முன்னால் பார்க்க வேண்டிய நேரமெல்லாம் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை ஒரு தடவை முழங்கையால் இடித்தார்.

வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். கொத்தைத் தொட்டுப் பார்த்தார்கள், பின்னால் திருப்பி நிற்க வைத்துப் பார்த்தார்கள். "முந்தானை மொட்டையா இருக்குதுங்களே" என்றார் தலைச்சோலை அக்கா.

"அது நான் போடறது" என்றார் அத்தை. "பூவு இவரு போட்டாச்சு. முந்தானைக்குக் காப்பிப் பழம். செவச் செவன்னு." என் பக்கம் திரும்பினார். "ஆனாச் சனிக்கெழம எனக்கு ஆவாது கண்ணு. நான் வர்றதே பொழுதோட. புதங்கெழம நீ எங்க ஆஸ்டலுக்கு வாரியா? மத்தியானச் சோத்துக் குண்டானெல்லாம் கழுவிக் கவுத்துட்டா, சாயங்காலம் உலை வெக்கற வரைக்கும் எங்களுக்குச் சோலி இல்ல. எங்க சமையக்கட்டுல இன்னும் நாலஞ்சு பேரு இருக்கறாங்க. எல்லாரும் சும்மாதான் படுத்திருப்போம். வார்டன்கிட்டக் கேட்டாச்சு."

கேட்டாச்சாம்! என்னைக் கேட்பதற்கு முன்பே.

நேற்று போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். காய் நறுக்கும் மேடை முழுக்க ஸ்டீல், ஆறு அடிக்கு மேல் நீளம், எங்கள் கூடத்து மேசையை விடப் பெரியது. மேலே விறகு அறை வரைக்கும் கயிறு கட்ட ஆணி இருக்கிறது. துணி மஞ்சள்தூளில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மேடையில் பழைய போர்வை விரிக்க வேண்டும். ரப்பர் ஷீட்டைத் துண்டு போட்டு வைத்துவிட்டேன். ஒரே ஒரு சங்கடம். கரும்பச்சை மேல் சிவப்பு எடுபடாது, கறுத்துவிடும். முதலில் வெள்ளையில் பழத்தை வைத்து, அது நன்றாகக் காய்ந்ததும் அதே இடத்தில், மயிரிழை விலகாமல், சிவப்பை வைக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறம் மாற்றி இரண்டு தடவை அச்சு வைப்பது எனக்கே இதுவரை சரியாக வந்ததில்லை. அத்தையிடம் அதைச் சொல்லியும்விட்டேன். "நீ வா சாமி, ரெண்டு பேருமா வெச்சுப் பாக்கலாம்" என்கிறார். புதன்கிழமை முந்தானையில்தான் ஆரம்பிக்கிறோம்.